கொண்டை இல்லாத ன

என் கணவன் எடிசனுக்கு ஒரு பல்பு மாற்றத் தெரியாது. இதைச் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். ஆனால் உண்மையை வேறு எப்படிச் சொல்வது? என் மாமனார் பிள்ளைகளுக்குப் பெரிய மனிதர்களின் பெயராகப் பார்த்து வைத்தார். மூத்தவன் வாஷிங்டன், அவன் மாட்டுப்பண்ணையில் சாணி அள்ளுகிறான். இளையவன் எடிசன், என் தலையில் வந்து விழுந்தான்.

ஆனால் வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. ஒரு செம்மறி ஆட்டைக் காலிடுக்கில் போட்டானென்றால், தோலில் ஒரு கீறல் விழாமல் மொத்தக் கம்பளியையும் ஒரே போர்வையாக உரித்து எடுத்துவிடுவான். பருவம் வந்தால் பண்ணை பண்ணையாகக் கூட்டாளிகளோடு லாரியில் போவான். பருவம் முடிந்தால் வீட்டில் இருந்து என் உயிரை எடுப்பான். போன இலையுதிர் காலத்தில் அப்படி வீட்டில் இருந்தபோதுதான் இது நடந்தது. ஊரே அவனைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு கடைசியில் எங்கள் மகள் லுத்மிலாவின் தலையில் வந்து விடிந்தது.

பாசோ தெல் சௌசே சின்ன ஊர். ஒரு சதுக்கம், நடுவில் குதிரைமேல் ஒரு தளபதியின் சிலை, ஒரு பக்கம் பள்ளிக்கூடம், எதிர்ப்பக்கம் நான் வேலை செய்யும் பேக்கரி. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு குட்டிக் கம்ப்யூட்டர் அரசாங்கம் கொடுத்து அது இரண்டாவது வருஷம். இன்டர்நெட் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான். அந்த சிக்னல் சுவரைத் தாண்டி வந்து சதுக்கத்தில் குதிரையின் முன்னங்கால் வரை கிடைக்கும், வாலுக்கு அந்தப் பக்கம் கிடைக்காது. அதனால் சாயங்காலமானால் பிள்ளைகள் எல்லாம் குதிரைக்கு முன்னால் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பெரியவர்கள் கக்கத்தில் ஃபிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு, கையில் சுரைக்குடுக்கையோடு, காற்று வாங்க வந்தவர்கள் மாதிரி பின்னால் நின்று மாத்தே என்கிற கசப்பு இலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள். காற்றாவது ஒன்றாவது. பிள்ளைகளின் தோளுக்கு மேலாக ஸ்க்ரீனைப் பார்ப்பதுதான் வேலை.

லுத்மிலா அப்போது இரண்டாம் வகுப்பு. அவளுடைய டீச்சர் ஸுல்மா, வீட்டில் இருக்கிற யாராவது ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னார். நோட்டில் அல்ல, கம்ப்யூட்டரில். எல்லாப் பிள்ளைகளும் எழுதியதை பள்ளிக்கூடத்தின் இன்டர்நெட் பக்கத்தில் போட்டோவோடு ஏற்றினார். லுத்மிலா அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாள். 'என் அப்பா பெயர் எடிசன். அப்பாவுக்கு முப்பத்தாறு வயது. அப்பா ஆடுகளுக்கு முடி வெட்டுவார்.' அவ்வளவுதான்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் மொழியில் வயது என்கிற சொல்லின் நடுவில் ஒரு ன வரும். வெறும் ன இல்லை, தலையில் கொண்டை போட்ட ன. அந்தக் கொண்டை இருந்தால்தான் அது வயது. கொண்டையை எடுத்துவிட்டால் அதே சொல் நாம் உட்காருகிற இடத்தில் இருக்கிற ஓட்டையைக் குறிக்கும். லுத்மிலா எழுதியதில் கொண்டை இல்லை. 'அப்பாவுக்கு முப்பத்தாறு.' பக்கத்திலேயே எடிசன் ஒரு ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டிச் சிரிக்கிற போட்டோ.

நான் பேக்கரியில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். சதுக்கத்தில் ஒரு சத்தம் கிளம்பியது. முதலில் யாரோ கீழே விழுந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால் இறைச்சிக் கடை வால்தெமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிலையின் பீடத்தில் சாய்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் எடிசன், கையில் குடுக்கையோடு, ஒன்றும் புரியாமல் நின்றிருந்தான்.

"டேய் எடிசன், முப்பத்தாறாடா? ஒண்ணை வச்சுக்கிட்டே நாங்க படுற பாடு தாங்கல!"

"மரிசெல், வீட்ல டாய்லெட் பேப்பர் செலவு கட்டுபடியாகுதா?" என்று எடிசனின் கூட்டாளி ஒருவன் என்னைப் பார்த்துக் கேட்டான்.

நானும் சிரித்தேன். அடக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. படிக்கட்டில் லுத்மிலா மட்டும் சிரிக்காமல், மூடிய கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் எடிசன் கம்பளி அடைக்கிற சாக்கு ஒன்றை எடுத்தான். கம்ப்யூட்டரை அதற்குள் போட்டு, வாயைச் சுருட்டி, தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். பள்ளிக்கூடச் சீருடையான வெள்ளை அங்கியும் கழுத்தில் நீல ரிப்பன் முடிச்சுமாக லுத்மிலா பின்னால் நடந்தாள். நான் பேக்கரியிலிருந்து பார்த்துவிட்டு, கையில் மாவோடு ஓடினேன்.

டீச்சர் ஸுல்மா வாசலில் நின்று பிள்ளைகளை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். மெதுவாகப் பேசுகிற பெண். அவசரப்படுகிறவர்களைப் பார்த்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார்.

"இந்தாங்க டீச்சர், உங்க சாமான். எங்க வீட்டுக்கு வேண்டாம்."

"உள்ள வந்து உட்காருங்க எடிசன்."

"உட்கார்றதுக்கு நான் வரல."

டீச்சரின் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பை விழுங்கினார் என்று எனக்குத் தெரிந்தது. எடிசனுக்கும் தெரிந்துவிட்டது. முகம் செங்கல் மாதிரி ஆனது.

"இந்த மெஷின் வர்றதுக்கு முன்னாடி என் பொண்ணு ஒரு கெட்ட வார்த்தை எழுதினது கிடையாது. நோட்டைப் பாருங்க. அந்த எழுத்து வர்ற இடத்துலயெல்லாம் கொண்டை ஜம்முனு இருக்கு. இதுல எழுதினா மட்டும் எங்க போச்சு? இதுதான் பிள்ளையைக் கெடுக்குது."

"அவசரத்துல விட்டிருப்பா. நான் படிச்சுப் பார்த்துட்டு ஏத்தியிருக்கணும், அது என் தப்பு. நேத்து ராத்திரியே திருத்திட்டேன்." டீச்சர் குனிந்து லுத்மிலாவிடம் கேட்டார். "ஏன் கண்ணு, கொண்டையை விட்டுட்டே?"

லுத்மிலா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் ஷூவைப் பார்த்தாள்.

"மறந்துட்டேன் டீச்சர்."

"பார்த்தீங்களா? மெஷின் வந்ததும் மறதியும் வந்தாச்சு," என்றான் எடிசன்.

"இது உங்க பேர்ல கொடுத்தது இல்ல எடிசன், அவ பேர்ல கொடுத்தது. நீங்க திருப்பித் தர முடியாது. அவ தரணும்."

டீச்சர் இப்படிச் சொன்னால் அவன் இறங்கி வருவான் என்று நினைத்திருக்க வேண்டும். அவனைக் கட்டிக்கொண்டு வாழ்கிறவளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவன் சாக்கிலிருந்து கம்ப்யூட்டரை எடுத்து மகளின் கையில் வைத்தான். "கொடுத்துடு குட்டி," என்றான். அவள் இரண்டு கையாலும் அதை நீட்டினாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் அந்த வாசலிலேயே அவனை ஒரு வழி பண்ணியிருப்பேன்.

"வாங்கி வச்சுக்கிறேன். வேற யாருக்கும் தர மாட்டேன்," என்றார் டீச்சர் அவளிடம்.

அந்த வாரம்தான் வகுப்பில் பிள்ளைகள் பறவையை நடக்க வைக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆளுக்கொரு ஆள்காட்டிக் குருவியை ஸ்க்ரீனில் வரைவது, பிறகு அதற்குக் கட்டளை கொடுப்பது. நாலு அடி போ, திரும்பு, கத்து. சாயங்காலம் சதுக்கம் முழுக்க ஆள்காட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. லுத்மிலா பக்கத்துப் பிள்ளையின் தோளை ஒட்டி உட்கார்ந்து பார்ப்பாள். "எனக்கு ஒரு தடவை குடு" என்று கேட்கமாட்டாள். வீட்டுக்கு வந்து ஒரு தாளில் குருவியை வரைந்து, கத்தரித்து, மேசைமேல் தானே நகர்த்துவாள்.

"நல்லாத்தான் நடக்குதும்மா," என்பாள் என்னிடம். "நான் கூடவே கையை வச்சிருக்கணும், அவ்வளவுதான்."

என் நெஞ்சை அது அறுத்தது. இரவு படுக்கையில் எடிசனிடம் சண்டை பிடித்தேன்.

"ரோஷம் உனக்கு, தண்டனை அவளுக்கா? வகுப்புல இல்லாதவ அவ ஒருத்திதான், தெரியுமா?"

"ஊரே சிரிச்சுது."

"இந்த ஊர் எதுக்குத்தான் சிரிக்கல? பாதிரியார் தடுக்கி விழுந்தப்பக்கூடத்தான் சிரிச்சுது."

"நீயும் சிரிச்சே கிழவி," என்றான் அவன், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு.

 விடிவதற்கு முன்னால் அடுப்புப் பற்றவைக்கப் போகவேண்டியவள் நான், சாப்பிட்டதும் படுத்துவிடுகிறவள். அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் சமையலறையில் கொஞ்ச நேரம் இருப்பது வழக்கம். அவன் ரேடியோ கேட்கிறான், அவள் வீட்டுப்பாடம் எழுதுகிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கம்ப்யூட்டர் போனபிறகு லுத்மிலாவும் என்னோடேயே படுக்க வந்துவிட்டாள். எடிசன் தனியாக அங்கே உட்கார்ந்திருந்தான். அதையும் கோபம் என்றே எடுத்துக்கொண்டேன்.

பிறகு டீச்சர் ஒரு காரியம் செய்தார். பள்ளிக்கூட வாசலில் நின்று பெற்றோர் ஒவ்வொருவரிடமும் சொன்னார்: "சனிக்கிழமை மத்தியானம் உங்களுக்கு வகுப்பு. பிள்ளைங்கதான் டீச்சர். வராதவங்க வீட்டுக்கு நானே வருவேன்." அந்த மிரட்டலுக்குப் பயந்து எல்லோரும் வருவதாகச் சொன்னார்கள்.

சனிக்கிழமை நல்ல மழை. எடிசன் எங்களை லாரியில் கொண்டுவந்து வாசலில் விட்டான்.

"நீயும் வாயேன்."

"எனக்கு இங்கயே நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

உள்ளே ஏழு வயதுப் பிள்ளைகளின் நாற்காலிகளில் ஊர்ப் பெரியவர்கள் முழங்காலை மோவாயில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மழை நாளில் பொரித்த ரொட்டி எங்கள் பக்கத்து வழக்கம் என்பதால் ஆளாளுக்குச் செய்து கொண்டுவந்திருந்தார்கள். அறை முழுக்கக் கொழுப்பு வாசனை. டீச்சர் முதலில் ரொட்டித் தட்டுகளையும் ஃபிளாஸ்க்குகளையும் ஜன்னலோரம் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். பிறகு அலமாரியைத் திறந்து, லுத்மிலாவின் கம்ப்யூட்டரை எடுத்து, அவள் முன்னால் வைத்தார். அவள் மூடியை ஒருமுறை உள்ளங்கையால் துடைத்தாள்.

"இப்போ பெரியவங்க எல்லாரும் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு, அது மேல உட்காருங்க," என்றார் டீச்சர்.

"எதுக்கு டீச்சர்? நாங்க என்ன திருடுனோம்?" என்றான் வால்தெமார்.

"பிள்ளை ஒரு பட்டனைத் தேடும். உங்களுக்குப் பொறுக்காது. 'இதோ இது'ன்னு கையை நீட்டி அமுக்கிடுவீங்க. அப்புறம் அது உங்களுக்குத்தான் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. கை அவங்களோடது. உங்களுக்கு வாய் மட்டும். அதுலயும் கேள்வி மட்டும்."

"தெரியலைன்னா?"

"தெரியலைன்னு சொல்லுங்க. இதைத் திறக்க எந்தப் பக்கம்னு எனக்கே ஒண்ணாம் வகுப்புப் பொண்ணுதான் காட்டினா. நான் இன்னும் உயிரோடத்தானே இருக்கேன்?"

வால்தெமார் தன் பெரிய கைகளைத் தொடைக்குக் கீழே திணித்தான். அந்த நாற்காலி முனகியது. எல்லோரும் அப்படியே உட்கார்ந்தோம். வெளியிலிருந்து யாராவது பார்த்திருந்தால் முட்டையிடுகிற கோழிகள் என்று நினைத்திருப்பார்கள்.

முதல் பாடம் சுலபம். பக்கத்தில் இருக்கிற பெரியவரின் முழுப்பெயரைப் பிள்ளை எழுதவேண்டும். என் பெயர் மரிசெல் முன்யோஸ். குடும்பப் பெயரின் நடுவில் அதே கொண்டை போட்ட எழுத்து. லுத்மிலா ஒவ்வொரு பட்டனாகத் தேடித் தட்டினாள். மரிசெல் வந்தது. குடும்பப் பெயரும் வந்தது, கொண்டை இல்லாமல்.

"ஒண்ணு விட்டுப்போச்சே," என்றேன், கேள்வி மாதிரி.

"அது அப்படித்தாம்மா. டீச்சர் போட்டுடுவாங்க."

"ஏன், அந்தப் பட்டன் இருக்கே?"

"அது வராது."

"வராதுன்னா?"

"வராதும்மா," என்றாள் மெதுவாக, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

டீச்சரின் சட்டத்தை மீறிக் கையை உருவினேன். வலது ஓரத்தில் இருந்த அந்தப் பட்டனை அழுத்தினேன். அது இறங்கவில்லை. கல் மாதிரி இருந்தது. சுற்றிலும் பழுப்பாக ஒரு கோடு உறைந்துபோயிருந்தது. விரலை மூக்கருகில் கொண்டுபோனேன். ஆரஞ்சுத் தோல். கருகிய சர்க்கரை. என் வீட்டுச் சமையலறையின் வாசனை.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை என்றால் மாத்தேயைக் கசப்பாகத்தான் குடிக்கவேண்டும். சர்க்கரை போட்டுக் குடிப்பது குழந்தைகளும் காய்ச்சல்காரர்களும்தான். அதிலும் முடிவெட்டுகிற கூட்டத்தில் ஒருத்தன் சர்க்கரை போடுகிறான் என்று தெரிந்தால் அவன் சாகும்வரை அதைச் சொல்லியே கூப்பிடுவார்கள். எடிசன் கூட்டாளிகளுக்கு முன்னால் கண்ணை இறுக்கிக்கொண்டு கசப்பை உறிஞ்சுவான். வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, சர்க்கரையைக் கருக்கி, ஆரஞ்சுத் தோலைப் போட்டுக் குடிப்பான். அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இருந்தேன்.

"அப்பாவா ஊத்தினார்?" என்று அவள் காதில் கேட்டேன்.

லுத்மிலா உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள். "சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

"எதை?"

"எல்லாத்தையும். அப்பா என்கூட இதுல ஒரே மாதிரிப் படங்களை ஜோடி சேர்க்கிற விளையாட்டு விளையாடுறதை. சர்க்கரையை. ஊத்தினதை." பிறகு பதறிப்போய், "நான் சொல்லலம்மா. நீயே கண்டுபிடிச்சே," என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே எழுந்து நின்று கத்தியிருப்பேன். அப்படிக் கத்தினால் மகளுக்குக் கம்ப்யூட்டர் கிடைத்துவிடும். ஆனால் அவள் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் காத்ததை நானே ஊருக்கு முன்னால் போட்டு உடைத்ததாகிவிடும். அது அவள் அப்பன் சொல்லவேண்டியது. மழையில் நனைந்துகொண்டே லாரிக்குப் போனேன்.

அவன் குடுக்கையை வாயில் வைத்திருந்தான். கதவைத் திறந்ததும் ஆரஞ்சு வாசனை வந்தது.

"அந்தக் கம்ப்யூட்டர்ல என்ன ஊத்தினே?"

உறிஞ்சுவது நின்றது. "துடைச்சுட்டேனே."

"கசப்பா இருந்தா துடைச்சதும் போயிருக்கும். சர்க்கரை உறைஞ்சு பட்டனைப் பிடிச்சுக்கிச்சு. எந்தப் பட்டன்னு சொல்லட்டுமா? கொண்டை போட்ட ன."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்தபோது குடுக்கையை மடியில் இறக்கினான்.

"கெட்ட வார்த்தை எழுதினது அவ இல்ல எடிசன். நீதான்."

"அவ சொல்லவே இல்லையே."

"நீதானே சொல்லாதேன்னே."

"மாத்தே ஊத்தினதைச் சொல்லாதேன்னேன். பட்டன் வேலை செய்யலைன்னா அதைச் சொல்ல வேண்டியதுதானே? அதை நான் வேண்டாம்னா சொன்னேன்?"

"ஏழு வயசுப் பிள்ளைக்கு அதையெல்லாம் பிரிச்சுப் பார்க்கத் தெரியுமா? பட்டனைச் சொன்னா எப்படி ஆச்சுன்னு கேப்பாங்க. கேட்டா உன்னைச் சொல்லணும். அதனால மறந்துட்டேன்னு உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே பொய் சொன்னா. நீ கொடுத்துடுன்னே. கொடுத்தா."

மழை கூரையில் கொட்டியது. அவன் கண்ணாடியில் வழிகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வால்தெமார் உள்ள இருக்கானா?"

"இருக்கான்."

"நீயே ஏதாவது சொல்லிடேன் கிழவி. எறும்பு புகுந்துடுச்சுன்னு சொல்லேன்."

"எந்த எறும்பு ஆரஞ்சுத் தோல் போட்டுக் குடிக்குது?"

 கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய் என் நாற்காலியில், ஈரக் கைகளின்மேல் உட்கார்ந்தேன். லுத்மிலா என் முகத்தைப் பார்த்தாள். வருவானா மாட்டானா என்று எனக்கே தெரியாததால் நானும் ஸ்க்ரீனைப் பார்த்தேன். பிள்ளைகள் பறவைகளை நடக்க வைக்கத் தொடங்கியிருந்தார்கள். வால்தெமாரின் மகன், "அப்பா, கேள்வி கேளுப்பா, சும்மா மூச்சு விடாதே," என்று அதட்டிக்கொண்டிருந்தான்.

கதவு திறந்தது. எடிசன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நின்றான்.

"வாங்க எடிசன்," என்றார் டீச்சர், அவனை எதிர்பார்த்திருந்தவர் மாதிரி.

"டீச்சர், லுத்மிலாவோட கம்ப்யூட்டர்ல அந்தக் கொண்டை போட்ட பட்டன் வேலை செய்யல. நான்தான் அதுல மாத்தேயை ஊத்திட்டேன். அதான் அவ அப்படி எழுதினா." ஒரே மூச்சில் சொன்னான். சொல்லி முடித்ததும் தப்பித்துவிட்டவன் முகம் வந்தது.

வால்தெமார் விடுவானா? "மாத்தே ஊத்தினா பட்டன் ஒட்டாதேடா," என்றான். "எங்க வீட்ல எத்தனையோ தடவை ஊத்தியாச்சு. துடைச்சா சரியாயிடுது."

 எடிசன் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான். மகளைப் பார்த்தான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா தப்பிக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று அவள் தேடுவது அவள் கண்ணிலேயே தெரிந்தது. அவனும் அதைப் பார்த்திருக்கவேண்டும்.

"சர்க்கரை போட்டது," என்றான் எடிசன்.

"என்னது?"

"சர்க்கரை போட்ட மாத்தே. நான் அப்படித்தான் குடிப்பேன். ஆரஞ்சுத் தோலும் போடுவேன்."

வால்தெமாரின் இரண்டு கைகளும் தொடைக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டன. சிரிப்பு அந்த அறையின் ஜன்னல்களை ஆட்டியது. பின்வரிசையில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எடிசனின் காது வரை சிவந்தது, ஆனால் அவன் வெளியே போகவில்லை. சிரிப்புக்கு நடுவே நடந்துவந்து லுத்மிலாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"நீ ஒண்ணும் தப்பு பண்ணல குட்டி. நான்தான் தப்பு. இனிமே எனக்காக எதையும் மறைக்க வேண்டாம்."

அத்தனை நாள் அழாதவள் அப்போது வாயைத் திறந்து, சத்தமாக, மூக்கு ஒழுக அழுதாள். அவன் தன் நனைந்த சட்டையோடு அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.  அவன்மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

டீச்சர் முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டுவந்தார். தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை எடுத்து, பட்டனை நெம்பிக் கழற்றினார். பிறகு பஞ்சை லுத்மிலாவிடம் கொடுத்தார். அவள் துடைக்கத் தொடங்கியதும் எடிசன் பொறுக்கமாட்டாமல் கையை நீட்டினான்.

"கை!" என்றார் டீச்சர்.

அவன் சட்டென்று கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான். லுத்மிலா நாக்கைத் துருத்திக்கொண்டு மூலை மூலையாகத் துடைத்தாள். பட்டனைத் திரும்ப மாட்டி அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. இன்னொருமுறை அழுத்தினாள். திடீரென்று கொண்டை போட்ட ன ஸ்க்ரீனில் வரிசை வரிசையாக, நிறுத்தமுடியாமல் ஓடியது. பிள்ளைகள் எல்லாம் எழுந்துவந்து கைதட்டினார்கள். விரலால் பட்டனைத் தட்டித் தட்டி ஒருவழியாக அதை நிறுத்தினாள்.

"லுத்மிலா," என்றார் டீச்சர், "அன்னைக்கு நான் நாலு கேள்வி கேட்டிருந்தேன். பேர், வயசு, வேலை. நாலாவது, அவரோட சேர்ந்து நீ என்ன செய்வேன்னு. அதுக்கு நீ பதில் எழுதவே இல்ல. இப்போ எழுதுறியா?"

அவள் தரையில் இருந்த அப்பாவைப் பார்த்தாள். "சொல்லலாமாப்பா?"

"சொல்லு குட்டி."

அவள் எழுதினாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, தட்டி, சரிபார்த்து. நேரம் ஆனது. யாரும் எழுந்து போகவில்லை. எழுதி முடித்ததும் ஸ்க்ரீனை எடிசன் பக்கம் திருப்பினாள். அவன் விரலை வைத்துச் சத்தமாகப் படித்தான்.

"'அப்பா தினமும் சாப்பிட்ட பிறகு என்னோடு ஜோடி சேர்க்கும் விளையாட்டு விளையாடுவார். தினமும் தோற்றுப்போவார். ஆனாலும் மறுநாள் வந்து உட்காருவார்.'"

வால்தெமார் தன் மகனைத் திரும்பிப் பார்த்தான். "அது என்னடா விளையாட்டு? நம்ம மெஷின்லயும் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டான்.

எடிசன் இன்னும் அந்த வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். தொண்டையைச் செருமினான்.

"எல்லாம் சரிதான் குட்டி. 'தினமும்'னு போட வேண்டாம். ரெண்டு தடவை நான் ஜெயிச்சிருக்கேன்ல?"

லுத்மிலா கொஞ்சம் யோசித்தாள். மறைக்க வேண்டாம் என்று அப்பாதானே சொன்னார்.

"அது நான் விட்டுக்கொடுத்ததுப்பா," என்றாள்.